வராதவர்களின் வாக்கு

எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் யாப்பில் ஒன்பதாம் விதியை எழுதியவன் நான். கூட இருந்து எழுத எனக்கு ஆள் இருக்கவில்லை. இருந்திருந்தால் பழியில் பாதியை அவன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என் குணம் எனக்குத் தெரியும்.

அப்போது நான் நாவற்குடாவில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசறிவியல் ரியூசன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற எங்கள் ஊரிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். தகப்பன், மாமன்மார், அண்ணன் எல்லோரும் கடல்காரர். நான் மட்டும் வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிற பிறவி. அந்த வெட்கத்தை மறைக்க அளவுக்கு மீறிப் படித்தேன், அளவுக்கு மீறிப் பேசினேன். சங்கத்துக்குச் செயலாளர் இல்லை என்று அண்ணன் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தபோது, எழுத்து வேலைதானே, யாரும் என்னைக் கடலில் இறக்கப் போவதில்லை என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

அதற்கு முந்திய வருடம் சங்கத்தில் ஒரு கூத்து நடந்திருந்தது. மீன் நன்றாகப் படுகிற காலத்தில், எல்லோரும் கடலில் நிற்கிற நேரம் பார்த்து, கரையில் நின்ற பதினைந்து பேர் கூட்டம் போட்டுத் தலைவரை மாற்றிவிட்டார்கள். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து வள்ளத்தை இழுத்து ஏற்றும்போது ஊரில் புதுத் தலைவர். இரண்டு மண்டை உடைந்தது. அதற்குப் பிறகுதான் ஒழுங்கான யாப்பு ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள்.

விடுவேனா? மீன் வாடிக்குள் அறுபது அங்கத்தவரையும் உட்கார வைத்து, வகுப்பெடுப்பதுபோல ஒரு மணித்தியாலம் அளந்தேன். ஒருவனைக் கதிரையிலிருந்து இறக்க ஒவ்வொரு நாட்டுப் பாராளுமன்றமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது என்றேன். அமெரிக்காவில் கீழ்ச்சபை சாதாரண பெரும்பான்மையால் ஜனாதிபதி மேல் குற்றம் சாட்டலாம். ஆனால் வீட்டுக்கு அனுப்ப மேற்சபையில் மூன்றில் இரண்டு வேண்டும், அதுவும் அன்றைக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு. பிலிப்பைன்ஸில் கீழ்ச்சபையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தாலே விசாரணை மேற்சபைக்குப் போய்விடும். இந்தியாவில் இரண்டு சபைகளிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு. எங்கள் நாட்டில் குற்றப்பிரேரணைக்கு, வராதவர்களையும் சேர்த்து மொத்தத்தில் மூன்றில் இரண்டு. ஒரு தடவை காணாது, உயர் நீதிமன்றம் விசாரித்த பிறகு இன்னொரு தடவையும் வேண்டும். அமெரிக்க மேற்சபையில் வராதவன் இல்லாதவன், எங்கள் நாட்டில் வராதவன் எதிர்ப்பவன் என்று சொல்லி முடித்தேன். அந்த வசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன்.

பின்னால் இருந்த ஒருவர் கேட்டார். "மாஸ்டர், கடல்ல நிக்கிறவன எந்த நாட்டுல எண்ணுவாங்க?"

"எங்கட நாட்டுல எண்ணுவாங்க. இந்தியாவிலயும்."

"அப்ப அதையே போடுங்க."

அதையே போட்டேன். தலைவரை நீக்க, சமுகமளிக்காதவர்கள் உட்பட இடாப்பில், அதாவது பெயர்ப்பதிவேட்டில், உள்ள மொத்த அங்கத்தவரில் மூன்றில் இரண்டு. கரையில் நிற்பவன் கடலில் நிற்பவனின் முதுகுக்குப் பின்னால் எதுவும் செய்ய முடியாது. ஓர் அங்கத்தவர் இறந்தால் மனைவியோ உடன்பிறந்தவரோ சத்தியக்கடதாசி கொடுத்துப் பெயரை வெட்டலாம் என்றும் எழுதினேன். இந்த விதியை மாற்றுவதற்கும் அதே மூன்றில் இரண்டு வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அதை யாரும் கேட்கவில்லை. வாசிக்க நன்றாக இருக்கும் என்று நானாகச் சேர்த்தது.

பிறகு, கடல் எழும்பி ஊருக்குள் வந்த அந்த மார்கழி ஞாயிறு வந்தது. நான் நாவற்குடாவில் ஞாயிறு வகுப்பில் நின்றேன். அண்ணன் கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அண்ணனின் மனைவியும், நான் மச்சாள் என்று கூப்பிடுகிறவர், அவர்களுடைய ஒரே மகளும் களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். கூட்ட அறிக்கை எழுதுவதற்காக நான் கொண்டு போயிருந்த பைக்குள் சங்கத்து இடாப்பு இருந்ததால் அதுவும் தப்பியது. அறுபது பேரில் ஒன்பது பேரை நாங்களே புதைத்தோம். ஆறு பேரைக் காணவில்லை. அந்த ஆறில் ஒருவர் என் அண்ணன்.

வாவிக் கரையில் இருந்த பள்ளிக்கூடம் முகாமாயிற்று. மைதானத்தில் வரிசையாகத் தறப்பாள் கூடாரங்கள். ஏழெட்டுக் கிழமை கழித்து, வெளிநாட்டு உதவியில் வள்ளங்கள் வரப்போகின்றன, பெயர்ப்பட்டியலைச் சங்கம்தான் கொடுக்க வேண்டும் என்று செய்தி வந்தது. தலைவர் பட்டியலைத் தானே எழுதினார். அதில் அவருடைய இரண்டு மருமகன்மார் இருந்தார்கள், கடலில் கால் நனைக்காத அரிசி ஆலைக்காரர் இருந்தார், அவருடைய மச்சான் இருந்தார். வள்ளம் இழந்த பலர் இல்லை. மச்சாளின் பெயர் இல்லவே இல்லை. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு வள்ளம் என்னத்துக்கு என்று தலைவர் கேட்டாராம். மச்சாளின் தம்பி அந்த வள்ளத்தை ஓட்டி மீனில் பங்கு கொடுத்திருந்தால் தாயும் மகளும் யாருடைய கையையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. பட்டியல் மாத முடிவில் போய்விடும். அதற்கு முன் தலைவரை இறக்கினால்தான் உண்டு.

எங்கள் பக்கம் முப்பத்திரண்டு பேர், அவர் பக்கம் பதின்மூன்று. உலகத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் நாங்கள் வென்றோம் என்றுதான் சொல்லும். ஆனால் புதைத்த ஒன்பது பேரின் பெயரை வெட்டிய பிறகும் இடாப்பில் ஐம்பத்தொரு பெயர் இருந்தது. அதில் மூன்றில் இரண்டு முப்பத்துநான்கு. இரண்டு கை குறைகிறது. காணாமல் போன ஆறு பேரும் உயிரோடு இருக்கிற அங்கத்தவர்களாக, தலைவரை எதிர்க்காதவர்களாக, என்னுடைய ஒன்பதாம் விதிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் தண்ணீர் வரிசையில் வைத்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "வராதவன் எல்லாம் என்ட பக்கம், மாஸ்டர். நீங்கதான எழுதினீங்க."

செருப்பால் அடித்ததுபோல இருந்தது. ஈரம் காய்ந்த பாடக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு எந்த நாட்டிலாவது வழி இருக்கிறதா என்று தேடினேன். ஒரு பாராளுமன்ற உறுப்பினர் செத்தால் இன்னொருவர் அந்தக் கதிரைக்கு வருவார், மொத்தம் மாறாது. உடலும் கிடைக்காமல், உயிரும் திரும்பாமல் நடுவில் நிற்கிற உறுப்பினரைப் பற்றி எந்த நாடும் யோசித்திருக்கவில்லை. அமெரிக்கக் கணக்கைப் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் பெரிய மேதாவி, போடவில்லை.

ஒரே வழி, காணாமல் போன ஆறில் மூன்று பெயரையாவது வெட்டுவது. மூன்று வெட்டினால் நாற்பத்தெட்டு, மூன்றில் இரண்டு சரியாக முப்பத்திரண்டு. இரண்டு பேர் தலைவரின் சொந்தம், அவர்கள் வீட்டார் கையெழுத்து வைக்க மாட்டார்கள். ஒருவருக்குக் கையெழுத்து வைக்க வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் அழுது அழுது வைத்துக் கொடுத்தார்கள். மிஞ்சியது அண்ணன்.

மச்சாள் அப்போது ஒவ்வொரு நாள் காலையும் என் கூடாரத்துக்கு வருவார். வீட்டில் இருந்த படம் எல்லாம் கடலோடு போய்விட்டது. அண்ணனின் முகம் மிஞ்சியிருந்தது சங்கத்து இடாப்பில் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு சின்னப் படத்தில் மட்டும்தான். "தம்பி, அந்தக் கொப்பிய ஒருக்காத் தாங்க" என்பார். பார்ப்பார். தந்துவிட்டுப் போவார். நெற்றியில் பொட்டு இருக்கும், கழுத்தில் தாலி இருக்கும். அந்தப் பக்கத்தில் நான் சிவப்புக் கோடு போட வேண்டும்.

சத்தியக்கடதாசியை எடுத்துக்கொண்டு நான் போனபோது அவர் நிவாரண அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதியிருக்கு? வாசிங்க" என்றார்.

கடல் அனர்த்தத்தில் என் கணவர் இறந்துவிட்டார் என உறுதியாக நம்புகிறேன் என்று வாசித்தேன்.

"நான் நம்பல்லியே."

"மச்சாள், இது சங்கத்துக்குள்ள மட்டும். வெளிய ஒருத்தருக்கும் தெரியா. ஒரு கணக்குக்குத்தான். இது இல்லாட்டி உங்களுக்கும் வள்ளம் வராது."

"அவர் வந்து கேட்டா நான் என்னெண்டு சொல்லுற? நீங்க செத்தெண்டு எழுதிக் குடுத்துத்தான் இந்த வள்ளம் வந்த எண்டா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறாமல் என்ன செய்யும், பட்டியல் போக நாலு நாள்தான் இருந்தது. அண்ணன் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லி அழக்கூட எனக்கு யாரும் நேரம் தரவில்லை. பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்கக் கத்தினேன். முப்பத்திரண்டு குடும்பம் உங்கட ஒரு கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கு, கொஞ்சமாவது யோசியுங்க என்றேன்.

அவர் சுளகைக் கீழே வைத்தார். "அந்த முப்பத்திரண்டு பேர்ட பொஞ்சாதிமாரும் பொட்ட அழிச்சிட்டு வரட்டும் தம்பி. அதுக்கு மறுகா நான் கையெழுத்து வெக்கிறன்."

மூன்று நாள் போய்ப் போய்க் கேட்டேன். பிறகு கேட்பதை நிறுத்தினேன். மனைவியோ உடன்பிறந்தவரோ என்று நான்தானே எழுதியிருந்தேன். கூட்டத்தன்று காலை சமாதான நீதவான் வீட்டுக்குப் போய், உடன்பிறந்தவன் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் முத்திரை குத்தித் தந்தார். ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரத்தில் என் அண்ணன் செத்துப்போனார்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் பின்னேரம் நடந்தது. அரைச் சுவருக்கு வெளியே பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. எழும்பி நின்று, "செத்தவங்க ஆரார் எண்டு எல்லாருக்கும் கேக்க வாசிங்க மாஸ்டர், யாப்பு அப்பிடித்தான சொல்லுது" என்றார். நான் சங்கத்துக்குள் மட்டும் என்று சொன்ன காகிதத்தை ஊருக்கே கேட்க வாசிக்க வேண்டியதாயிற்று. முதல் இரண்டு பெயரையும் வாசித்தேன். மூன்றாவதை வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். திரும்ப வாசித்தேன்.

முப்பத்திரண்டு கை எழும்பியது. ஒன்று குறைந்திருந்தாலும் தோற்றிருப்போம். கை தட்டினார்கள், ஒருவர் என்னைத் தூக்கப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் வென்ற ஒரே வாக்கெடுப்பு அது.

கைதட்டல் அடங்கவில்லை, மைதானத்தில் ஒப்பாரி கேட்டது. எங்கள் ஊரில் ஒரு சாவு காதில் விழுந்தால் பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். சுவருக்கு வெளியே நின்றவர்கள் அப்படியே அண்ணனின் கூடாரத்துக்கு முன்னால் போய் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்கள். மச்சாள் அப்போது அங்கே இல்லை. தண்ணீர் வாளியோடு வரிசையிலிருந்து வந்தவர், தன் கூடாரத்துக்கு முன்னால் கூட்டத்தைக் கண்டு, "ஆரு செத்த?" என்று கேட்டிருக்கிறார்.

நான் ஓடிப் போனபோது வாளி சரிந்து கிடந்தது. வயதான பெண் ஒருத்தி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எட்டுச் செலவு எண்டைக்கு புள்ள?" என்று எட்டாம் நாள் சடங்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி முந்தானையால் அவருடைய நெற்றியைத் துடைத்தாள். அன்பாகத்தான் செய்தாள், எல்லோரும் அன்பாகத்தான் செய்தார்கள். மச்சாள் அழவில்லை. என்னைக் கண்டதும் கையை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"எத்தின பேர் கை தூக்கின?"

"முப்பத்திரண்டு."

"முப்பத்திரண்டு பேருமாச் சேந்து என்ட புருஷனக் கொன்டுட்டீங்க."

அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

புதுப் பட்டியல் போனது. வள்ளங்கள் வந்தன, உரியவர்களுக்குத்தான் கிடைத்தன, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். மச்சாளுக்கும் ஒன்று ஒதுக்கியிருந்தது. பெற்றுக்கொள்கிற படிவத்தில் விதவை என்ற இடத்தில் அவர் ஒப்பமிட வேண்டும். ஆனால் அதற்கு முன்பே அவர் போய்விட்டார். முகாமில் எவர் வாயைத் திறந்தாலும் முப்பத்தொண்டுச் சடங்கு எப்போது, தாலியை எப்போது கழற்றுவது என்ற பேச்சு. மகளைக் கூட்டிக்கொண்டு வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கு, வயல் வட்டைக்குப் பக்கத்தில் இருந்த தமக்கையின் வீட்டுக்குப் போய்விட்டார். நான் படிவத்தோடு தோணி ஏறி அங்கே போனேன். பதினைந்து வயது மகள்தான் வெளியே வந்தாள். "சித்தப்பா, அம்மா கதைக்க மாட்டாவாம். தண்ணி குடிச்சிட்டுப் போகட்டாம்" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வள்ளம் பட்டியலில் அடுத்தவருக்குப் போனது.

எங்கள் கரை அப்போது இராணுவத்தின் கையில் இருந்தது, அந்தக் கரை இயக்கத்தின் கையில். சண்டை மறுபடி தொடங்கியபோது வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று அந்தக் கரை வீடுகளுக்கு இயக்கக்காரர் வந்தார்கள். அந்த வீட்டில் இருந்ததே ஒரு பிள்ளைதான். நெல் அவித்துக்கொண்டிருந்தவளை உடுத்த உடுப்போடு கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் கரையிலும் பிள்ளைகள் காணாமல் போனார்கள்தான். ஆனால் அவள் எங்கள் கரையில்தான் இருந்தாள், நான் வைத்த கையெழுத்துத்தான் அவளை வாவிக்கு அந்தப் பக்கம் அனுப்பியது. இதை மச்சாள் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வன்னியில் அவளைக் கண்டதாக ஒருத்தி சொன்னாள், பிறகு அதுவும் இல்லை. போர் முடிந்தது. மச்சாள் தமக்கையோடு வடக்கே போய் முகாம் முகாமாக, கம்பி வேலி வேலியாகத் தேடிவிட்டு வந்தார். நான் பாடத்தில் குற்றப்பிரேரணை வருகிற இடத்தில், புத்தகத்தைப் பார்த்துப் படியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வெளியே போய் நிற்கப் பழகியிருந்தேன்.

அடுத்த வருடம் பிரதேச செயலகத்திலிருந்து மச்சாளுக்கு ஒரு கடிதம் வந்தது. போரில் காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கிறார்களாம், உறவினர் வந்து விண்ணப்பிக்கட்டாம். படிவம் வாசிக்க ஆள் இல்லையென்று அவருடைய தமக்கைதான் எனக்குச் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் மச்சாள் முன்னால் இருந்தார், நான் பின்னால் இருந்தேன். தலை பாதி நரைத்திருந்தது. தாலி கழுத்தில்தான் இருந்தது.

அலுவலகத்தில் இருந்த பெண் நல்ல பிள்ளை. கதிரை போட்டு உட்கார வைத்து, படிவத்தை ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்தினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சாள் சொன்னார். "என்ட புள்ள செத்தெண்டு நான் எழுதமாட்டன்."

"அம்மா, இத எடுத்தாத்தான் வீட்டுத் திட்டம், மத்த உதவி எல்லாத்துக்கும் லேசு."

"எழுதமாட்டன்."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க இவங்களுக்கு என்ன முறை?"

"புள்ளைக்குச் சித்தப்பா."

"அப்ப நீங்க விண்ணப்பிச்சாலும் காணும் சேர்." படிவத்தைத் திருப்பி என் முன்னால் வைத்து, பேனையைத் திறந்து என் கையில் தந்தாள்.

மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய கை கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. உறவுமுறை என்று ஒரு கோடு, ஒப்பம் என்று ஒரு கோடு. அவர் வீடில்லாமல் தமக்கையின் தாழ்வாரத்தில் கிடக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளை வரமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

"ஏலாது மிஸ்" என்றேன். பேனையை மூடி மேசையில் வைத்தேன்.

"வெக்காட்டி இந்த ஃபைல் இப்பிடியே கிடக்கும் சேர்."

"கிடக்கட்டும்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல வெயில். அவர் ஒரு மரத்தடியில், நான் நாலு முழம் தள்ளி. முதல் பஸ் நிறைந்து வந்து நிற்காமல் போனது. அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். ஐந்து வருடத்துக்கு மேல் என்னோடு பேசாதவர், பழையபடி தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

"தம்பி, அண்டைக்கும் இப்பிடிச் சொல்லியிருக்கலாமே."